நானூத்தம்பது வாட்

இருவத்தி மூணுதான் கூப்பிட்டிருக்காங்க. உங்க டோக்கன் எத்தனைங்க தம்பி? முப்பத்தி ஒண்ணா. எனக்கு இருவத்தொம்போது. உக்காருங்க, அந்தப் பையை நான் இப்படி எடுத்துக்கறேன். கவுண்டர்ல இருக்கற பொண்ணு ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம் பண்றா. எனக்கு மட்டும் அரை மணி நேரம் பண்ணுனா. ஏன்னு கேளுங்க.

இந்த சர்வீஸ் சென்டருக்கு வர்றவங்க எல்லாரும் என்னத்துக்கு வர்றாங்க? பொருள் கெட்டுப் போச்சு, மாத்திக் குடுங்கன்னு வர்றாங்க. உங்களுது என்ன, கிராபிக்ஸ் கார்டா? ஃபேன் சத்தம் போடுதா. பாத்தீங்களா, உங்களுக்கு ஒரு கொறை இருக்குது, சொல்றீங்க, அவ எழுதிக்கறா. எனக்குக் கொறை இல்லீங்க. நான் கொண்டாந்தது ஒரு எஸ்.எம்.பி.எஸ்., கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் குடுக்கற டப்பா. உள்ள டெஸ்ட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க, முடிஞ்சதும் நம்பரைக் கூப்பிடுவாங்க. அது நல்லாருக்குது. நல்லாருக்குதுன்னு ஒரு தாள்ல எழுதி, சீல் வெச்சுக் குடுங்கன்னுதான் நான் கேக்கறேன். ஃபாரத்துல 'பிரச்சினை என்ன'ன்னு ஒரு கட்டம் போட்டிருக்குதில்ல, அதுல 'பிரச்சினை எதுவும் இல்லை'ன்னு எழுதிக் குடுத்தேன். அந்தப் பொண்ணு என்னைப் பாக்கறா, ஃபாரத்தைப் பாக்கறா. அப்பறம் உள்ள போயி ஒரு சாரைக் கூட்டியாந்தா. பிரச்சினை இல்லீன்னா எதுக்குங்கய்யா வந்தீங்கன்னு அவரு கேக்கறாரு. கோபியில இருந்து ரெண்டு பஸ் மாறி கோயமுத்தூர் வந்திருக்கறேன், பிரச்சினை இல்லாமயா வருவாங்க. பிரச்சினை இருக்குது, பொருள்ல இல்ல. அவ்வளவுதான்.

நாச்சிமுத்துங்க என்ற பேரு. வயரிங் காண்ட்ராக்ட். கோபி, சத்தி, அந்தியூரு, அந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கற கல்யாண மண்டபத்துல பாதி நான் வயர் இழுத்ததுதான். முப்பத்தொரு வருசம். வயர் இழுக்கறது பெரிய வேலை இல்லீங்க, அதை ஆரு வேணா இழுப்பாங்க. ஈ.பி.காரங்ககிட்ட எத்தனை லோடு வாங்கணும்னு கணக்குப் போடறதுதான் வேலை. மண்டபத்துக்காரரு வருவாரு. ஏ.சி. இத்தனை, ஃபேன் இத்தனை, சமையக்கட்டுல கிரைண்டர் இத்தனைன்னு எல்லாத்தையும் கூட்டி, நாச்சிமுத்து, நூறு கிலோவாட் வேணும்பாரு. நான் சிரிப்பேன். ஏனுங்க, முகூர்த்தம் நடக்கறப்ப சாப்பாட்டு ஹால்ல ஆரு இருக்கறா? பந்தி நடக்கறப்ப மணவறைக்கு முன்னால ஆரு இருக்கறா? எல்லாம் ஒரே நேரத்துல ஓடவே ஓடாது. நூறுன்னு வந்தா அறுவதுன்னு போடு. அதுதான் என்ற கணக்கு. எழுதி வெச்சுக்கங்க தம்பி, உங்களுக்கும் ஒதவும்.

முப்பத்தொரு வருசத்துல தாலி கட்டற நேரத்துல ஒரு மண்டபத்துலயும் கரண்ட் போனதில்ல. ஒண்ணே ஒண்ணு, அந்தியூர்ல. அது ஐப்பசி மழைங்க. வெளிய நிக்க வேண்டிய கூட்டமெல்லாம் உள்ள வந்துருச்சு, ரெண்டு ஹாலும் ரொம்பிப் போச்சு, எல்லா சுவிட்சையும் போட்டு உட்டுட்டாங்க. அது கணக்குல வராது. மழை பேஞ்சதுக்கு நான் என்ன பண்றது.

சரி, அதை விடுங்க. என்ற பொண்ணைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். தாரணி. ஒரே பொண்ணு. ஈரோட்டுல பி.இ. முடிச்சா. முடிச்சதும் வேலைக்குப் போவான்னு பாத்தா, அப்பா எனக்கு ஒரு வருசம் குடுங்கன்னு கேட்டா. எதுக்கு அம்மிணின்னேன். கம்ப்யூட்டர்ல விளையாடறதுக்குன்னா. எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. அப்பறம் உக்கார வெச்சு வெவரமாச் சொன்னா. அஞ்சு பொண்ணுக ஒரு டீம். ஒருத்தி மதுரை, ஒருத்தி பாலக்காடு, இப்படி ஆளுக்கொரு ஊரு. நேர்ல ஒருத்தரை ஒருத்தரு பாத்தது கூட இல்ல. அவங்கவங்க ஊட்டுல உக்காந்து, காதுல மாட்டிக்கிட்டு, பேசிப் பேசி விளையாடறாங்க. சுடற விளையாட்டு. சித்திரை மாசம் ஒரு தகுதிப் போட்டி வருது, அதுல ஜெயிக்கற டீமைப் பெங்களூர்ல ஒரு கம்பெனி வருசச் சம்பளத்துக்கு எடுத்துக்குது, தங்க எடமும் குடுக்குதுன்னா. தோத்துட்டா என்ன பண்ணுவேன்னு கேட்டேன். தோத்துட்டா நீங்க சொல்ற மாப்பிள்ளையைப் பாக்கறேன்னா. அவ வாயால சொன்னதுங்க. நான் கட்டாயப்படுத்தல.

சரின்னேன். எத்தனை அப்பனுங்க சரிம்பாங்க, நீங்களே சொல்லுங்க. அவ ரூமுக்குன்னு தனி லைன் இழுத்தேன். தனி எர்த்து அடிச்சேன், தோட்டத்துல நாலடி குழி எடுத்து, உப்பும் கரியும் போட்டு. ஊட்டுல கரண்ட் போனா அவ விளையாட்டு நிக்கக்கூடாதுன்னு புது இன்வெர்ட்டர் மாட்டுனேன். எங்க ஏரியாவுல ஒரு டாக்டர் ஊட்டுல கூட அந்த மாதிரி லைன் கெடையாது. இதெல்லாம் அவ கேக்கவே இல்ல, நானாப் பண்ணுனது.

கேம் விளையாடறதுக்குன்னு தனியாக் கம்ப்யூட்டர் சேக்கணும்னு அவ ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா. பிராசஸர் இது, போர்டு இது, கிராபிக்ஸ் கார்டு இதுன்னு. எனக்கு அதெல்லாம் தெரியாது, அப்படியே வாங்கிக் குடுத்தேன். ஒரு எழுத்து மாத்தல. கார்டு மட்டும் ஒரு செங்கல் கனம் இருந்துச்சு. கடைசி வரி, எஸ்.எம்.பி.எஸ்., எழுநூத்தம்பது வாட்டுன்னு எழுதியிருந்தா. பக்கத்துல கூட்டல் போட்டுக் காட்டியிருந்தா. கார்டுக்கு இருநூத்தி எம்பத்தஞ்சு, பிராசஸருக்கு நூத்தி அம்பது, மத்ததுக்கு ஒரு அறுவது. ஆக மொத்தம் நானூத்தி தொண்ணூத்தஞ்சு. திடீர்னு இழுக்கறதுக்கு மேல எடம் வேணும்னு எழுதி, எழுநூத்தம்பதுக்கு அடியில ரெண்டு கோடு போட்டிருந்தா.

அந்த ஒரு வரி என்ற வரிங்க. மத்ததெல்லாம் அவளுக்குத் தெரிஞ்சது. வாட்டு எனக்குத் தெரிஞ்சது. எழுநூத்தம்பதைப் பாத்ததும் எனக்கு மண்டபத்துக்காரங்க ஞாபகம்தான் வந்துச்சு.

ஈரோட்டுல அன்வர் பாய்னு கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கறாரு, நெம்ப வருசப் பழக்கம். அவரு தாளைப் பாத்துட்டு, பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்குது, எழுநூத்தம்பதே எடுத்துக்கங்க, கொறைஞ்சது அறுநூத்தம்பதாச்சும் எடுத்துக்கங்கண்ணான்னாரு. எல்லாம் ஒரே நேரத்துல முழுசா ஓடுமா பாய்னு கேட்டேன். விளையாடறப்ப ஓடும்னாரு. இந்தக் கார்டு கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ரெண்டு பங்கு இழுத்துட்டு உட்டுரும், மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப இழுக்குமே, அந்த மாதிரின்னு வெளக்கம் சொல்றாரு. எனக்குச் சொல்றாரு. அஞ்சு எச்.பி. மோட்டார் எடுத்த எடுப்புல எத்தனை ஆம்பியர் இழுக்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்லுவேன், எனக்கு வந்து மோட்டார் பாடம் எடுக்கறாரு. கடைக்காரங்க பெருசாத்தான் விப்பாங்க, அவங்களுக்கு அதுதான பொழப்பு.

நானூத்தி தொண்ணூத்தஞ்சுல அறுவது சதம் எத்தனை? முந்நூறு கூட வராது. நான் நானூத்தம்பது எடுத்தேன். முந்நூறுக்கு நானூத்தம்பதுன்னா ஒண்ணரைப் பங்கு. எந்த மண்டபத்துக்கும் நான் இத்தனை தாராளமாப் போட்டதில்ல. அதுலயும் பாருங்க, மட்டமான பீஸ் எடுக்கல. கடையில இருக்கறதுலயே ஒசந்த கம்பெனி, தங்க முத்திரை போட்டது, அஞ்சு வருசம் கேரண்டி. சாதாக் கம்பெனியில எழுநூத்தம்பது வர்ற வெலைக்கு இந்த நானூத்தம்பதை எடுத்தேன். காசுக்குப் பாத்துக் கொறைச்சுட்டான்னு மட்டும் என்னை ஆரும் சொல்ல முடியாது.

ஊட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திருப்பிப் பாத்தா. மூஞ்சி சுருங்கிப் போச்சு. அப்பா, இது பத்தாதுங்கன்னா. பத்தும் அம்மிணி, அப்பா கணக்குப் போட்டிருக்கறேன்னேன். மாத்திக் குடுங்கப்பான்னு ரெண்டு நாள் பின்னாடியே வந்தா. சாப்பிடறப்ப சொன்னா, நான் வண்டி எடுக்கறப்ப சொன்னா. சரின்னு அவளை உக்கார வெச்சு, மண்டபத்துல இருந்து ஆரம்பிச்சு, அறுவது சதம் எப்படி வருதுன்னு தாள்ல போட்டுக் காட்டுனேன். கடைசில, சரிங்கப்பான்னா. புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன். படிச்ச பொண்ணுதான, கணக்குப் புரியாமயா போகும்.

நாலு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. ஆரம்பத்துல மூணு நாலு தடவை பொசுக்குன்னு அணைஞ்சுது, இல்லீன்னு சொல்லல. அதுக்கு நாந்தான் வழி சொன்னேன். பெட்டிக்குள்ள கலர் கலரா லைட்டு எரியுதே, அது எதுக்கு, கழட்டிரு. விளையாடறப்ப மத்ததெல்லாம் மூடிரு. படம் அத்தனை தெளிவா எதுக்கு, கொறைச்சு வெச்சு விளையாடுன்னேன். அவ அப்படியே பண்ணுனா. கார்டோட வேகத்தையே பாதியாக் கொறைச்சு வெச்சுத்தான் நாலு மாசமும் பழகுனா. அதுக்கப்பறம் அணையவே இல்ல. பாத்தியா அம்மிணி, எச்சா இருக்கறதை அணைச்சா இருக்கறது போதும்னேன். அவங்க டீம்லயே இவதான் குறி தப்பாம சுடறவளாம். பாதி வேகத்துலயே அத்தனை நல்லா விளையாண்டிருக்கறா பாருங்க.

டீ வேணுங்களா? வெளிய மிஷின் ஒண்ணு வெச்சிருக்காங்க. வேண்டாமா. சரி, கேளுங்க.

போட்டி சித்திரை மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழமை. மத்தியானம் மூணு மணிக்கு. அறுவத்தி நாலு டீம் ரெண்டு வாரமா விளையாண்டு, கடைசி ரெண்டு டீம்ல என்ற பொண்ணோட டீம் ஒண்ணு. அத்தனை தூரம் வருவாங்கன்னு நான் நெனைக்கல. அறுவத்தி நாலுல ஒண்ணுன்னா எத்தனை சதம்னு நீங்களே போட்டுக்கங்க. அதனால, போட்டி முடிஞ்ச அடுத்த வாரம் பொண்ணு பாக்க வாங்கன்னு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்ககிட்ட நான் மாசியிலயே சொல்லி வெச்சிருந்தேன். ஜெயிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு கேக்கறீங்களா? ஜெயிச்சிருந்தா வர வேண்டாம்னு சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் தம்பி. அதென்ன அப்படிப் பாக்கறீங்க.

கடைசிப் போட்டிக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாங்க. ஆரும் ஏமாத்தாம இருக்கறதுக்கு மூஞ்சிக்கு நேரா கேமரா வெக்கணும், ஸ்க்ரீன்ல நடக்கறது பூராவும் ரெக்கார்டு ஆகிக்கிட்டே இருக்கணும். அதையும் ஓட்டிக்கிட்டு, விளையாட்டும் திக்காம ஓடணும்னா கார்டைக் கொறைச்சு வெக்க முடியாதாம், முழுசாத் தொறந்து உடணுமாம். காலையில அவ எங்கிட்ட வந்து கேட்டா. அன்வர் மாமாகிட்ட இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் பெரிய எஸ்.எம்.பி.எஸ். இரவல் வாங்கித் தர்றீங்களாப்பான்னு. ஞாயித்துக்கெழமை கடை லீவு. போன் பண்ணியிருந்தா பாய் வந்து தொறந்திருப்பாரு, அப்படிப்பட்ட மனுசன்தான். நான் பண்ணல. நாலு மாசம் ஓடுனது இன்னைக்கு ஓடாதான்னு கேட்டேன்.

மூணு மணிக்கு நான் ஹால்ல உக்காந்திருந்தேன். அவ ரூம்ல கதவு சாத்தியிருந்துச்சு. இங்கிலீசும் தமிழும் கலந்து கலந்து பேசறா, வெரசலா, நான் கேட்டே இராத ஒரு கொரல்ல. ஊட்டுல எங்ககிட்ட அவ அப்படிப் பேசுனதே இல்லீங்க. நீ இடது பக்கம் போ, நான் பின்னாடி வர்றேன், நீ நில்லு, இப்பப் போன்னு ஆளுகளை ஏவறா. ருக்மணி, என்ற ஊட்டுக்காரி, சமையக்கட்டுல இருந்து வந்து கதவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. கையில கரண்டி. சிரிச்ச மூஞ்சியா இருந்தா. அப்பறம் பேச்சு பாதியில நின்னுச்சு. பேச்சு மட்டுமில்ல, உள்ள அந்த ஃபேன் எரைச்சலும் நின்னுச்சு.

நான் என்ன பண்ணுனேன்? நேரா மெயின் போர்டுக்குப் போனேன். டிரிப்பரைப் பாத்தேன், எதுவும் விழுகல. மீட்டரைப் பாத்தேன். அவ ரூமுக்குப் போற லைன்ல டெஸ்டர் வெச்சுப் பாத்தேன். எல்லாம் சரியா இருக்குது. அப்பறம் அவ ரூமுக்குப் போயிச் சொன்னேன்.

"ஊட்டு கரண்ட்ல ஒரு கொறையும் இல்ல அம்மிணி."

அவ திரும்பிப் பாக்கல. மறுபடி ஆன் பண்ணி விளையாட்டுக்குள்ள போறதுக்கு நாலு நிமிசம் ஆச்சு. அந்த நாலு நிமிசமும் அவங்க நாலு பேரு, எதிர்ல அஞ்சு பேரு. இவ உள்ள போயி ஒரு நிமிசம் இருந்திருப்பா, மறுபடி அணைஞ்சுது. அதுக்கப்பறம் அவ ஆன் பண்ணல. கையை மடியில வெச்சுக்கிட்டு அந்தக் கறுப்பு ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மதுரைப் பொண்ணுன்னு நெனைக்கறேன், அந்தப் பக்கம் அழுகற சத்தம் எனக்கே கேட்டுச்சு. இவ அழுகல. என்னாலதான்டி, என் சிஸ்டம்தான், என்னாலதான்னு நாலு பேருகிட்டயும் ஒவ்வொருத்தியாச் சொன்னா. எனக்கு அதைக் கேக்கறப்ப வயிறு எரிஞ்சுதுங்க. தனி லைன் இழுத்து, தனி எர்த்து அடிச்சுக் குடுத்த சிஸ்டத்தை இப்படி ஊரு பூராச் சொல்றாளேன்னு.

பொழுது எறங்கறப்ப எங்கிட்ட வந்தா. கத்துவான்னு நெனச்சேன். கத்தியிருந்தா நானும் ரெண்டு கத்து கத்தி அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

"நான் எழுதிக் குடுத்தது எழுநூத்தம்பதுப்பா."

அவ்வளவுதான் சொன்னா. நான் மறுபடி கணக்கைச் சொன்னேன். அணைஞ்சது கோளாறு இல்ல, அதுதான் நல்ல பொருளுக்கு அடையாளம், எச்சா இழுத்ததும் தன்னைத்தானே நிறுத்திக்கிச்சு, மட்டமான பீஸா இருந்தா வெடிச்சு கார்டு, போர்டு எல்லாத்தையும் எரிச்சிருக்கும், உன்ற அப்பன் ஒசந்த பீஸா வாங்கப் போயித்தான் மத்தது தப்பிச்சுதுன்னேன். முழுசாக் கேட்டா. ஒரு எடத்துல கூடக் குறுக்க பேசல. நான் முடிச்சதும் எந்திரிச்சுப் போயிட்டா.

அடுத்த வாரம், மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர்றதுக்கு மொத நாள் காத்தால, அவ பெங்களூர் பஸ் ஏறிட்டா. ருக்மணிக்குத் தெரியும், எங்கிட்டச் சொல்லல. நான் மாப்பிள்ளை ஊட்டுக்குப் போன் பண்ணி, பொண்ணுக்கு அம்மை போட்டிருக்குதுன்னு பொய் சொன்னேன். முப்பத்தொரு வருசத் தொழில்ல நான் பொய் சொன்னதில்ல தம்பி. பெங்களூர்ல டீமும் இல்ல, ஒண்ணும் இல்ல. புதுசா வர்ற விளையாட்டை விளையாண்டு பாத்து, தப்பு எங்க இருக்குதுன்னு கண்டுபுடிச்சுச் சொல்ற வேலையாம். பாலக்காட்டுப் பொண்ணோட ஒரே ரூம்ல இருக்கறாளாம். எல்லாம் ருக்மணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போன் பண்ணுனா எடுக்கறதில்ல.

கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போயிட்டா. இந்த எஸ்.எம்.பி.எஸ். ஒண்ணை மட்டும் கழட்டி வெச்சுட்டுப் போயிருக்கறா. சும்மா போட்டுட்டுப் போகல. வந்த டப்பாவுக்குள்ளயே வெச்சு, வயரையெல்லாம் சுத்திக் கட்டி, நாலு ஸ்க்ரூவையும் ஒரு கவர்ல போட்டு, என்ற டூல்ஸ் பை மேல வெச்சிருந்தா. மூணு மாசம் ஆச்சு, இன்னும் அதை நெனச்சா எனக்கு நெஞ்செல்லாம் கசக்குதுங்க. குப்பையில வீசியிருந்தாக் கூடப் பரவால்ல. உன்ற பொருளை நீயே வெச்சுக்கோங்கற மாதிரி. அப்படின்னா என்ன அர்த்தம்? அப்பன் மட்டமான பீஸை வாங்கிக் குடுத்து ஏமாத்திட்டான்னு அர்த்தம். வேற என்ன இருக்க முடியும்?

ருக்மணிகிட்டச் சொன்னேன், இப்படி நெனைக்கறா பாரு உன்ற பொண்ணுன்னு. அவ மாவு ஆட்டிக்கிட்டு இருந்தா. கிரைண்டரை நிறுத்தல, என்னைப் பாக்கவும் இல்ல. "இருவத்தாறு வருசமா மிக்ஸியை அணைச்சுட்டுத்தான் நான் கிரைண்டர் போடறேன்"னா. எதுக்கு அதைச் சொன்னான்னு எனக்கு இன்னும் புடிபடலீங்க. சமையக்கட்டுக்கு நான் ஒரு பிளக் பாயிண்ட்தான் போட்டேன், வாஸ்தவம். ரெண்டு கை இருக்கறவ ஒரே நேரத்துல எத்தனை மிஷினை ஓட்டுவா? நான் பேசறது எஸ்.எம்.பி.எஸ். பத்தி, அவ கிரைண்டரைப் பத்திப் பேசறா. எங்க ஊட்டுப் பொம்பளைங்ககிட்ட ஒரு விசயத்தை நேராப் பேச முடியறதில்ல.

அன்வர் பாய்கிட்டயும் கொண்டு போனேன். டெஸ்ட் போட்டுட்டு, பீஸுல ஒண்ணும் இல்லீங்கண்ணான்னாரு. அதை எழுதிக் குடுங்கன்னேன். எழுத மாட்டேன்னுட்டாரு. எழுதற நேரத்துல பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை தணிஞ்சு பேசுங்கண்ணாங்கறாரு. நான் என்ன தப்புப் பண்ணுனேன், தணிஞ்சு பேசறதுக்கு? அதோட அந்தக் கடைப் பக்கம் போறதை நிறுத்திட்டேன். அதான் நேரா இங்க வந்தேன். கம்பெனிக்காரங்களே எழுதிக் குடுத்துட்டா அப்பறம் ஆரும் பேச முடியாது பாருங்க. ஆமா, உங்க கம்ப்யூட்டர்ல எத்தனை வாட்டு போட்டிருக்கறீங்க? எண்ணூத்தம்பதா? எதுக்குங்க அத்தனை? சரி சரி, உங்க இஷ்டம்.

இருவத்தொம்போதா கூப்பிட்டாங்க? என்னுதுதான். சித்த இந்தப் பையைப் பாத்துக்கங்க, வந்தர்றேன்.

குடுத்துட்டாங்க தம்பி. இதா, தாளு. சீலோட. முழு லோடு குடுத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்தாங்களாம். நானூத்தம்பதுக்கு நானூத்தம்பது, ஒரு வாட்டு கொறையல. அந்த சாரே வந்து, பீஸ் அருமையா இருக்குதுங்கய்யான்னாரு. அதோட நிறுத்தியிருக்கலாம். எந்தக் கார்டுக்குப் போட்டீங்கன்னு கேட்டாரு. சொன்னேன். அந்தக் கார்டுக்கு இது பத்தாதேய்யா, ஆரு இதை எடுக்கச் சொன்னாங்கன்னாரு. நான் தாளை வாங்கிக்கிட்டு வந்துட்டேன். அதெல்லாம் தாள்ல இல்லீங்க. வாயில சொன்னதுதான.

உங்களால எனக்கு ஒரு ஒதவி ஆகணும். எனக்கு டைப் பண்ண வராது, போன்ல பேசித்தான் அனுப்புவேன். பேசி அனுப்பறதைத் தாரணி தொறக்கறதே இல்ல. பாருங்க, எத்தனை கெடக்குதுன்னு. அத்தனையும் கணக்குத்தான், பொறுமையா, மண்டபத்துல இருந்து ஆரம்பிச்சுச் சொல்லியிருக்கறேன். ஒண்ணு கூடக் கேக்கல. எழுத்துன்னா கண்ணுல பட்டுத்தான ஆகணும். மொதல்ல இந்தத் தாளை என்ற போன்லயே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அதுக்குக் கீழ, பீஸ் நல்லா இருக்குதுன்னு கம்பெனியிலயே எழுதிக் குடுத்துட்டாங்கன்னு போடுங்க. அவ்வளவுதான். அவரு சொன்ன அந்தப் பத்தாதுங்கறதா? அது எதுக்குங்க போட்டுக்கிட்டு, தாள்ல இருக்கறதை மட்டும் போடுங்க. எப்படி இருக்கறேன்னு கேக்கறதா? வேண்டாம், அதெல்லாம் ருக்மணி கேப்பா. மொதல்ல இது முடியட்டும். அனுப்பிட்டீங்களா?

பாத்துட்டாளா? அதுக்குள்ளயா. நெசமாவா. என்னமோ டைப் பண்றாளா? இருங்க, போனை எங்கிட்டக் குடுக்காதீங்க, நீங்களே வெச்சுக்கங்க. வந்துருச்சா? படிங்க.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா, பீஸ் நல்லாத்தான் இருக்கும்னு."

இன்னொருக்காப் படிங்க.

பாத்தீங்களா? ஒத்துக்கிட்டா. மூணு மாசம் கழிச்சு என்ற பொண்ணு ஒத்துக்கிட்டா. அப்பன் மட்டமான பீஸ் வாங்கலேன்னு ஒத்துக்கிட்டா. கீழ வேற ஏதாச்சும் போட்டிருக்கறாளா? ஒண்ணும் இல்லையா. நல்லாப் பாருங்க. சரி, இருக்கட்டும். இது போதும் எனக்கு. முப்பத்தி ஒண்ணு கூப்பிடறாங்க, உங்களுதுதான், போங்க.

இருங்க தம்பி, ஒரு நிமிசம். நீங்க படிச்ச பையன். பீஸ் நல்லாத்தான் இருக்கும்னு அன்னைக்கே தெரியும்னா, அப்பறம் எதுக்குங்க அவ போனா?